பதினேழாவது கட்டம்

பர்ஹானாவுக்கு முதல் வேலை கிடைத்தபோது வயது முப்பத்தாறு. 2023 பொங்கல் கழிந்த வாரம் அது. மதுரையில் இருந்த ஒரு சின்னக் கலை அமைப்பு திண்டுக்கல்லில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. மூடிக் கிடந்த ஒரு பள்ளிக்கூடத்தின் நீளச் சுவரில், அதைச் சுற்றியிருந்த மூன்று தெருக்களின் குடும்பங்கள், பிள்ளைகளும் பெற்றோருமாகச் சேர்ந்து படம் வரைய வேண்டும். ஒரு தெருவில் பள்ளிவாசல் இருந்தது, அடுத்த தெருவில் மாதா கோவில். மூன்றாவது, தோல் பதனிடும் ஷாப்புகளுக்குப் பின்னால் இருந்த காலனி. அங்கே பாதிப் பேர் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து வேலைக்கு வந்து தங்கிவிட்டவர்கள், மீதிப் பேர் பீகார்க்காரர்கள்.

வீடு வீடாகப் போய்ப் பேசி ஆட்களைக் கூட்டி வருவதுதான் பர்ஹானாவின் வேலை. பி.காம். இரண்டாம் ஆண்டில் கல்யாணம் ஆகிப் படிப்பை விட்டவள் அவள். கணவன் முனீர் ஒரு தோல் ஷாப்பில் சூப்பர்வைசர். ஒரே மகள் ஃபாயிஸாவுக்குப் பதிமூன்று வயது. பதினாறு வருஷமாக வீட்டுக்குள் இருந்தவளா இப்படிப் பேசுகிறாள் என்று முனீரே ஆச்சரியப்பட்டான். பீகார்ப் பெண்களிடம் பாதி உருதும் பாதி சைகையுமாகப் பேசினாள். மாதா கோவில் தெருவில், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போக வேண்டுமே என்றவர்களிடம், முதல் பூசை முடிந்து அப்படியே வாருங்கள், இட்லி நான் தருகிறேன் என்றாள். இரண்டு வாரத்தில் நாற்பது குடும்பங்கள் சேர்ந்தன.

ஓவிய ஆசிரியர் ஸ்தனிஸ்லாஸ் நீலம் தொட்ட கயிற்றைச் சுவரில் அடித்து, ஆறடிக்கு ஒன்றாக நாற்பது கட்டம் போட்டுக் கொடுத்தார். வீட்டுக்கு ஒரு கட்டம். எல்லாருக்கும் ஒரே தலைப்பு, 'எங்கள் வீட்டில் ஒரு நாள்'. விதி ஒன்றுதான். என்ன வரைவது என்பதை அந்தந்தக் குடும்பமே முடிவு செய்ய வேண்டும், அடுத்தவர் கை படக் கூடாது. ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தால் வெயில் ஏறும் வரை நடக்கும். அந்தச் சுவரோரம் அதற்கு முன் மூன்று தெருக்காரர்களும் ஒன்றாக நின்றது தண்ணீர் லாரி வந்தபோது மட்டும்தான்.

பதினேழாவது கட்டம் கௌசல்யாவின் குடும்பத்துக்கு. குடும்பம் என்றால் கௌசல்யாவும் அவள் மகள் நாகஜோதியும் மட்டும். அவள் கணவன் வேலுசாமி மூன்று மாதத்துக்கு முன் இறந்திருந்தான்.

அவன் இறந்தது முனீர் வேலை பார்த்த ஷாப்பில். அக்டோபர் பதினாறு, ஞாயிற்றுக்கிழமை, விடுமுறை நாள். கழிவுநீர்த் தொட்டிக்குள் விழுந்துவிட்ட மோட்டாரை எடுக்க வேலுசாமியும் இஷாக் என்ற இருபத்திரண்டு வயதுப் பையனும் யாரிடமும் சொல்லாமல் தாங்களாகவே மூடியைத் திறந்து இறங்கினார்கள், விஷவாயு தாக்கி இருவரும் செத்துப் போனார்கள் என்று ஊருக்குத் தெரிந்தது. காவல் நிலையத்தில் அப்படித்தான் எழுதினார்கள். கௌசல்யாவும் அதில் கையெழுத்துப் போட்டிருந்தாள். முனீர் அன்றைக்கு ஆஸ்பத்திரியில் இருந்தான். அதற்கு முந்தின வாரம் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து இடது கையில் மாவுக்கட்டு போட்டிருந்தார்கள். கட்டைக் காட்டிவிட்டு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது என்றான். பர்ஹானா நம்பினாள். நம்பாமலிருக்க அவளுக்கு ஒரு காரணமும் இருக்கவில்லை.

சாவுக்குப் போய்க் கௌசல்யாவின் பக்கத்தில் அரை நாள் உட்கார்ந்திருந்தவள் அவள். சுவர்த் திட்டத்துக்கும் கௌசல்யாவைக் கூப்பிட வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தாள். இரண்டு தடவை கௌசல்யா முடியாது என்றாள். மூன்றாவது தடவை, பிள்ளையை மட்டும் அனுப்புவதாகச் சொன்னாள். நாகஜோதி ஐந்தாம் வகுப்பு. அதிகம் பேச மாட்டாள். முதல் இரண்டு ஞாயிறும் தனியாகவே வந்து, ஓட்டு வீடு ஒன்று, அதன் முன்னால் ஒரு கோழி, ஒரு தென்னை மரம் என்று மெதுவாக வரைந்துகொண்டிருந்தாள்.

மூன்றாவது ஞாயிறு ஸ்தனிஸ்லாஸின் வண்டி பழுதாகிவிட்டதால் பெயிண்ட் டப்பாக்களை முனீர்தான் ஸ்கூட்டரில் வைத்து எடுத்து வந்தான். வந்தவன் போகவில்லை. ஃபாயிஸாவோடு சேர்ந்து தங்கள் வீட்டுக் கட்டத்தில் உட்கார்ந்து வரைந்தான். மாவுக்கட்டைப் பிரித்து அதற்குள் இரண்டு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஃபாயிஸா அவன் மூக்கில் மஞ்சள் பெயிண்டைத் தடவ, சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். கொஞ்ச தூரத்தில் நாகஜோதி வரைவதை நிறுத்திவிட்டுப் பிரஷ்ஷைக் கையில் பிடித்தபடி அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். பர்ஹானா அதைக் கவனித்தாள். இன்னொரு பிள்ளை தன் அத்தாவோடு விளையாடுவதைப் பார்த்ததும் இதற்கு அப்பா நினைவு வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். அன்றைக்கு அவளுக்கு ஒரு முட்டை கூடுதலாகக் கொடுத்தாள். நாகஜோதி அதை வாங்கித் திண்டில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அடுத்த ஞாயிறு பர்ஹானா மதுரை அலுவலகத்துக்குக் கூட்டத்துக்குப் போயிருந்தாள். கௌசல்யா அன்றைக்குத்தான் முதல் முறையாக மகளோடு வந்தாளாம். வீட்டையும் கோழியையும் தென்னை மரத்தையும் வெள்ளை பெயிண்டால் மூடிவிட்டு இருவரும் புதிதாக ஆரம்பித்தார்களாம். ஸ்தனிஸ்லாஸ் போனில் இதைச் சொன்னபோது பர்ஹானாவுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. கௌசல்யா வீட்டை விட்டு வெளியே வந்துவிட்டாளே.

மார்ச் ஐந்தாம் தேதி அவள் அந்தப் படத்தைப் பார்த்தாள்.

சுவரில் பெரிய கறுப்புச் சதுரம் ஒன்று இருந்தது. அதற்குள் ஓர் இரும்பு ஏணி, ஏணிக்குக் கீழே இரண்டு பேர் படுத்திருந்தார்கள். ஒருவர் மேல் ஒருவர். மேலே தொட்டியின் விளிம்பில் ஓர் ஆள் நின்றான். அவனுடைய இடது கை மட்டும் தோள் வரை வெள்ளையாக, மார்போடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது. வலது கையில் போனைப் பிடித்துக் காதில் வைத்திருந்தான். அவன் காலில் செருப்பு இல்லை. செருப்பு இரண்டும் ஏணிக்குப் பக்கத்தில் கிடந்தன. படத்தின் ஓரத்தில், கதவுக்குப் பின்னால், தூக்குவாளியைப் பிடித்தபடி ஒரு சின்னப் பெண்.

நாகஜோதி அந்தப் பெண்ணின் பாவாடைக்குப் பச்சை தீட்டிக்கொண்டிருந்தாள். கௌசல்யா திரும்பிப் பர்ஹானாவைப் பார்த்தாள்.

அந்த ஷாப்பில் மாவுக்கட்டோடு இருந்தது ஒரே ஒருவன். பர்ஹானாவுக்கு இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அந்த அக்டோபர் ஞாயிற்றுக்கிழமை முனீர் வெறுங்காலோடு வீட்டுக்கு வந்தான். செருப்பு ஆஸ்பத்திரி வாசலில் தொலைந்துவிட்டது என்றான். வாசல் குழாயில் காலை ரொம்ப நேரம் கழுவினான். அன்றைக்கு அவன் அந்தப் பக்கம் போகவே இல்லை என்றால் செருப்பு எப்படி அங்கே வந்தது? பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

அவள் எல்லாக் கட்டங்களையும் வழக்கம்போல் போனில் படம் பிடித்தாள். பதினேழாவதையும் பிடித்தாள். பிள்ளைகளுக்குச் சுண்டல் பிரித்துக் கொடுத்தாள். பிரஷ்களைக் கழுவி வைத்தாள். மதியம் ஒரு மணிக்கு வீட்டுக்குப் போனபோது முனீர் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தான். ஃபாயிஸா டியூஷனுக்குப் போயிருந்தாள். பர்ஹானா போனை அவன் முன்னால் நீட்டினாள்.

முனீர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். எழுந்து உட்கார்ந்தான்.

"நீங்க அங்கதான் இருந்தீகளா?"

"இருந்தேன்" என்றான்.

பிறகு கேட்காமலேயே எல்லாம் சொன்னான். மறுநாள் ஷாப்பைச் சோதிக்க அதிகாரிகள் வருவதாக முதலாளிக்குத் தகவல் வந்திருந்தது. அதற்குள் தொட்டியைக் காலி பண்ண வேண்டும். தோலிலிருந்து வழித்த சதையும் மயிரும் அடைத்துக்கொண்டு பம்பு ஓடவில்லை. லீவு நாளில் வேலுசாமியையும் இஷாக்கையும் முனீர்தான் போன் போட்டு வரவழைத்தான். மூடியைத் திறந்து பார்த்த வேலுசாமி, வாடை சரியில்லை, சாயந்தரம் வரை திறந்து போட்டுவிட்டு அப்புறம் இறங்கலாம் என்றான். முனீர் முதலாளிக்குப் போன் செய்து கேட்டான். உடனே முடிக்கச் சொன்னார் முதலாளி. "இறங்குப்பா, செத்த நேரம்தான" என்று தானே வேலுசாமியிடம் சொன்னதாக முனீர் சொன்னான். நாலாவது படியில் வேலுசாமி சரிந்து விழுந்தான். அவனைத் தூக்க இஷாக் இறங்கினான். அவனும் மேலே வரவில்லை.

"நானும் செருப்பைக் கழட்டிட்டு ஏணியில ஒரு காலு வச்சேன். ஒத்தக் கை. வாடை மூஞ்சியில அடிச்சுச்சு. முடியல பர்ஹானா."

"ஆம்புலன்சுக்கு யாரு சொன்னா?"

முனீர் போனைத் திருப்பி அவளிடம் நீட்டினான். அவன் கூப்பிட்டது முதலாளியைத்தான். அங்கே நிற்காதே, நீ காலையிலிருந்து ஆஸ்பத்திரியில் இருந்தாய், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றிருக்கிறார் அவர். முனீர் பின்வாசல் வழியாகப் போய்விட்டான். கதவோரம் நின்ற பிள்ளையை அவன் பார்க்கவே இல்லை. அப்பாவுக்குச் சோறு கொண்டு வந்த நாகஜோதிதான் தெருவுக்கு ஓடி ஆட்களைக் கூட்டி வந்திருக்கிறாள். அதற்குள் வெகுநேரம் ஆகிவிட்டது.

மூன்று நாள் பர்ஹானா வீட்டு வேலையைப் பார்த்தாள். சமைத்தாள், ஃபாயிஸாவைப் பள்ளிக்கு அனுப்பினாள். முனீர் வேலைக்குப் போய் வந்தான். ஒரே வீட்டுக்குள் இருவரும் தட்டு வைக்கும் சத்தம் மட்டும்தான் கேட்டது. புதன்கிழமை மதுரையிலிருந்து, கலை அமைப்பை நடத்துகிற மேடம் போன் செய்தார். சுவர்த் திறப்பு விழா வரும் ஞாயிறு, பெரிய ஆட்கள் வருகிறார்கள், பதினேழாவது கட்டத்தைப் பார்த்துச் சிலர் வருத்தப்படுகிறார்கள் என்றார். யார் என்று பர்ஹானா கேட்டாள். அது முக்கியமில்லை என்று மேடம் சொன்னார். நாம் கலை அமைப்புதான், வழக்கு நடத்துகிறவர்கள் இல்லை, அந்தக் குழந்தையின் மனசுக்கும் அது நல்லதில்லை, பூவோ பட்டாம்பூச்சியோ வரையச் சொல்லிவிடுங்கள் என்றார். அடுத்தவர் கை படக் கூடாது என்ற விதியைப் பர்ஹானா நினைவுபடுத்தினாள். மேடம், பார்த்துச் செய்யுங்கள் என்று போனை வைத்துவிட்டார்.

வியாழக்கிழமை அவள் கௌசல்யாவின் வீட்டுக்குப் போனாள். ஒரே அறை. கௌசல்யா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள், ஹோட்டலுக்கு உரித்துக் கொடுக்கிற வேலை. பர்ஹானா நின்றபடியே சொன்னாள்.

"படத்துல மேல நிக்கிறது எங்க வீட்டு ஆளு, கௌசல்யா."

"தெரியும்க்கா" என்றாள் கௌசல்யா. "அன்னைக்கே பிள்ளை சொல்லிருச்சு. ஸ்டேஷன்லயும் சொன்னேன். பத்து வயசுப் பிள்ளை பேச்சையெல்லாம் எழுத முடியாதுன்டாக. நீங்க வந்து எம் பக்கத்துல உக்காந்து அழுதீகல்ல, அன்னைக்கும் எனக்குத் தெரியும்."

பர்ஹானா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கௌசல்யா உரித்த வெங்காயத்தைக் கூடையில் தள்ளிவிட்டு, நீங்களும் தெரிஞ்சுதான் வாரீகளோ, தெரியாம வாரீகளோன்னு எனக்குப் புரியலை, அதனாலதான் ரெண்டு தடவ வரமாட்டேன்னு சொன்னேன் என்றாள். முனீர் சுவரோரம் உட்கார்ந்து சிரித்ததைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளை இரண்டு நாள் சாப்பிடவில்லை. அந்த நாளைத்தான் வரைவேன் என்றது. சரி, வரை என்று தானும் கூட வந்ததாகச் சொன்னாள்.

என்ன செய்யலாம் என்று பர்ஹானா கேட்டாள்.

"எனக்கு ஒன்னும் வேணாம்க்கா. அவரு தானா இறங்குனாருன்னு எழுதி வச்சிருக்காக. தானா இறங்கல. இறக்கிவிட்டாக. அத மாத்தி எழுதணும். அம்புட்டுதான்."

சனிக்கிழமை காலை பர்ஹானா சுவருக்குப் போனபோது பதினேழாவது கட்டம் வெள்ளையாக இருந்தது. புது பெயிண்ட், இன்னும் ஈரம் காயவில்லை. ஓரத்தில் இரண்டு பக்கத்துக் கட்டங்கள்மீதும் வழிந்திருந்தது. யார் அடித்தது என்று கடைசி வரை தெரியவில்லை. முனீரிடம் கேட்டாள். நான் இல்லை என்றான். அவன் சொன்னதை நம்புவதா இல்லையா என்று யோசிக்கும் இடத்துக்கு அவள் வந்திருந்தாள். ஸ்தனிஸ்லாஸைக் கேட்டால், தான் அந்தப் படத்தைச் சரியாகப் பார்க்கவில்லை என்றார். தற்காலிக வேலையில் இருக்கிறவர், இரண்டு பிள்ளைகள் கல்லூரியில். பர்ஹானா அவரை வற்புறுத்தவில்லை.

விழாவுக்கு அவள் போகவில்லை. ஞாயிறு மாலை முனீரிடம் சொன்னாள்.

"நாளைக்கு நானும் கௌசல்யாவும் கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுக்கப் போறோம். உங்ககிட்டச் சொல்லாமப் போகக் கூடாதுன்னு சொல்றேன்."

"ஃபாயிஸாவ நெனச்சுப் பாத்தியா?"

"பாத்தேன்."

முனீர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

திங்கட்கிழமை மனு நாள் கூட்டத்தில் மூன்று மணி நேரம் வரிசையில் நின்று இருவரும் மனு கொடுத்தார்கள். போனில் இருந்த படத்தை அச்சிட்டு மனுவோடு வைத்திருந்தார்கள். விசாரணைக்கு உத்தரவு வந்தது. அதற்குப் பிறகு நடந்ததில் மிகவும் கஷ்டப்பட்டது நாகஜோதிதான். ஒரே கேள்வியை ஒவ்வொரு அதிகாரியும் முதலிலிருந்து கேட்டார்கள். எங்கே நின்றாய், என்ன தெரிந்தது, எந்தக் கையில் போன். மூன்றாவது தடவை பிள்ளை வாயை மூடிக்கொண்டது. அன்பாகப் பேசிப் பார்த்தார்கள். தாளும் கலர்ப் பென்சிலும் கொடுத்து, அன்றைக்கு வரைந்ததை இங்கே வரைந்து காட்டு கண்ணு என்றார்கள். நாகஜோதி ஒரு மரமும் ஒரு சூரியனும் வரைந்து கொடுத்தாள். அறைக்கு வெளியே காத்திருந்த பர்ஹானாவைக் கடந்து போகும்போது அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இதையெல்லாம் கொண்டு வந்தது இந்த மிஸ்தான் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியும்.

விசாரணை அத்தோடு அடங்கிவிடும் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். முனீரைக் கூப்பிட்டபோது அவனுடைய அண்ணன் ஜெகபர் அலி, முதலாளி ஏற்பாடு செய்த வக்கீலோடு கூடப் போனார். என்ன சொல்ல வேண்டும் என்று வழி நெடுக வக்கீல் சொல்லிக் கொடுத்திருந்தார். உள்ளே போன முனீர், நான் அங்கே இருந்தேன், நான்தான் இறங்கச் சொன்னேன், முதலாளி சொல்லித்தான் சொன்னேன் என்று சொல்லிவிட்டான். ஏன் அப்படிச் சொன்னான் என்று பர்ஹானாவுக்கு இன்றைக்கும் தெரியாது. அவளும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

அன்று மாலையே அவனைக் கைது செய்தார்கள். முதலாளிக்கு முன்ஜாமீன் கிடைத்தது. அந்த நேரத்தில் முனீரோடு போனில் பேசியது உண்மைதான், ஆனால் பொறுத்துச் செய்யுங்கள் என்றுதான் சொன்னேன் என்றார் அவர். போனில் என்ன பேசினார்கள் என்பதற்குச் சாட்சி ஏது? ஆட்களை வரவழைத்ததும் இறங்கச் சொன்னதும் முனீர் என்று முனீரே சொல்லியிருந்தான். அவன் நாற்பத்தொரு நாள் சிறையில் இருந்தான்.

ஷாப்பை மூன்று மாதம் மூடி வைத்தார்கள். காலனியில் இருந்த பாதி வீடுகளின் அடுப்பு அந்த ஷாப்பை நம்பித்தான் எரிந்தது. பீகார்க் குடும்பங்கள் ஒவ்வொன்றாகத் திருப்பூருக்கும் ஈரோட்டுக்கும் போயின. சுவரில் அவர்கள் வரைந்த ஆற்றில் நின்று சூரியனைக் கும்பிடும் சாத் பூஜைக் கட்டங்களும் ரயில் கட்டங்களும் அப்படியே இருந்தன, வரைந்தவர்கள் இல்லை. மீதி இருந்தவர்கள் கௌசல்யாவோடு பேசுவதை நிறுத்தினார்கள். குழாயடியில் அவள் குடத்தை வரிசையிலிருந்து தள்ளி வைத்தார்கள். ஒரு நாள் அவள் மகளைக் கூட்டிக்கொண்டு ஒட்டன்சத்திரம் போய்விட்டாள், காய்கறி மார்க்கெட்டில் தக்காளி தரம் பிரிக்கும் வேலைக்கு. நாகஜோதியை அங்கே ஒரு விடுதியில் சேர்த்தாள்.

பர்ஹானா இருந்த வீடு மாமனார் குடும்பத்து வீடு. முனீர் உள்ளே போன மறுநாள் ஜெகபர் அலி வந்தார். சத்தம் போடவில்லை. எப்போதும் அவளைத் தங்கச்சி என்று கூப்பிடுகிறவர், அன்றைக்கு அப்படிக் கூப்பிடவில்லை. எந்தப் பொம்பளையாவது தன் புருஷனைத் தானே பிடித்துக் கொடுப்பாளா என்று கேட்டார். சாமான்களை எடுத்துக்கொள்ள ஒரு வாரம் தருவதாகச் சொன்னார். ஃபாயிஸா தன்னோடு இருக்கட்டும், பிள்ளை வளர்ந்துவிட்டாள், அவளையே கேட்டுப் பார் என்றார்.

பர்ஹானா மகளைக் கேட்டாள். ஃபாயிஸா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் பெரியத்தா வீட்டுக்கே போறேம்மா" என்றாள். "அத்தா வரட்டும். அதுவரைக்கும் என்கிட்டப் பேசாத."

மதுரை அமைப்பு அவளுக்கு ஒரு கடிதம் அனுப்பியது. திட்டம் நிறைவடைந்துவிட்டதால் அவளுடைய பணி முடிவுக்கு வருகிறது என்று நல்ல தமிழில் எழுதியிருந்தார்கள்.

அந்த நாட்களில் அவளைத் தேடி வந்தது ஒரே ஒருவர். இஷாக்கின் தாய் ஜெய்தூன் பீவி. முட்டிவலிக்காரி, பள்ளிவாசல் தெருவின் அந்தக் கோடியிலிருந்து இரண்டு இடத்தில் உட்கார்ந்து எழுந்து வந்திருந்தார். உள்ளே வந்ததும் தண்ணீர்கூட வாங்கவில்லை. முனீர் ஏதோ சொல்லியிருக்கிறானாமே, அது என்ன என்று கேட்டார்.

"எம் மவன் மோட்டார் எடுக்கத்தான் இறங்குனான்னு சொன்னாக. இப்ப வேற மாதிரி சொல்றாகளே."

"வேலுசாமியத் தூக்கத்தான் மாமி இஷாக் இறங்குச்சு. எங்க வீட்டு ஆளு பாத்திருக்காக."

ஜெய்தூன் பீவி முக்காட்டை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சரிம்மா, வாரேன்" என்று எழுந்தார். பர்ஹானா அவரைத் தெருமுனை வரை கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். அந்தத் தெருவில் அன்றைக்கு அவளோடு சேர்ந்து நடந்தது அவர் மட்டும்தான்.

பிறகு பர்ஹானா வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் வேலைக்குச் சேர்ந்தாள். மில் பஸ் காலை ஐந்தரைக்கு வரும். முதல் ஆறு மாதம் பஞ்சுத் தூசியில் இருமிக்கொண்டே இருந்தாள், பிறகு பழகிவிட்டது. கூட வேலை பார்க்கிற பெண்களுக்கு அவள் கதை தெரியும். யாரும் அவளிடம் கேட்டதில்லை. ஒரு தடவை மட்டும் பண்டிகைக்காக மில்லுக்குள் கோலப்போட்டி வைத்து, பொறுப்பை அவளிடம் கொடுக்க வந்தார்கள். தனக்கு அதெல்லாம் வராது என்று சொல்லிவிட்டாள்.

முனீர் ஜாமீனில் வந்தான். எந்தத் தோல் ஷாப்பும் அவனைச் சேர்த்துக்கொள்ளவில்லை. நத்தம் பக்கம் ஒரு மாந்தோப்பில் காவலுக்கு இருக்கிறான். ஃபாயிஸாவை மாதம் ஒரு தடவை போய்ப் பார்க்கிறான். பர்ஹானாவுக்குப் போன் செய்து பிள்ளை எப்படி இருக்கிறாள், என்ன மார்க் வாங்கினாள் என்று சொல்வான். அவர்களுக்குள் பேச்சு அவ்வளவுதான். தலாக் என்ற வார்த்தையை இருவரும் எடுக்கவில்லை.

வழக்கு 2025 ஆவணியில் சாட்சி விசாரணைக்கு வந்தது. கௌசல்யா ஒட்டன்சத்திரத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்துவிட்டாள். நாகஜோதியை அழைத்து வரவில்லை, பிள்ளையை இதில் இழுக்க மாட்டேன் என்று வக்கீலிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். நீதிமன்ற வராந்தாவில் இரண்டு பெண்களும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளை வரைகிறாளா என்று பர்ஹானா கேட்டாள். இல்லைக்கா, ஓவிய பீரியடில் தலைவலி என்று படுத்துக்கொள்கிறாளாம், டீச்சர் சொன்னார்கள் என்றாள் கௌசல்யா. கொஞ்ச நேரம் கழித்து, நீங்க செஞ்சது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன், நல்லா இருக்கீகளான்னு உங்களைக் கேக்கவும் எனக்கு வாய் வரலை என்றாள்.

கூண்டில் ஏறியதும் முதலாளி தரப்பு வக்கீல் பர்ஹானாவிடம் அந்தப் புகைப்படத்தைப் பற்றி அதிகம் கேட்கவில்லை. உனக்கும் உன் கணவனுக்கும் சண்டை உண்டா என்று கேட்டார். இல்லை என்றாள். அடிப்பானா? இல்லை. குடிப்பானா? இல்லை. வேறு பெண் தொடர்பு? இல்லை. அப்படியானால் ஒரு குழந்தை சுவரில் கிறுக்கியதை வைத்துக்கொண்டு சொந்தக் கணவன் மேல் ஏன் புகார் கொடுத்தாய் என்றார்.

எதிரில் முதலாளியும் அவருக்கு இரண்டடி தள்ளி முனீரும் நின்றிருந்தார்கள். முனீர் தலையைக் குனிந்திருந்தான்.

"அந்தப் பிள்ளை பாத்துச்சுங்க" என்றாள். "அப்பறம் நானும் பாத்துட்டேன். பாக்காத மாதிரி எனக்கு இருக்கத் தெரியல."

நீதிபதி அதை எழுதிக்கொள்ளச் சொன்னார். வழக்கை அடுத்த மாதத்துக்குத் தள்ளி வைத்தார்கள். கௌசல்யாவுக்கு மூன்று மணிக்குள் மார்க்கெட்டுக்குத் திரும்ப வேண்டும், சொல்லிக்கொண்டு வேகமாகப் போய்விட்டாள்.

வராந்தாவில் முனீர் பர்ஹானாவின் அருகில் வந்து நின்றான். மெலிந்திருந்தான். தாடி நரைத்திருந்தது. சாப்பிட்டாயா என்று கேட்டான். இல்லை என்றாள். ஃபாயிஸாவுக்கு இந்த வருஷம் பத்தாம் வகுப்பு, கணக்குக்கு டியூஷன் வேண்டுமாம், அண்ணன் பார்த்துக்கொள்கிறார் என்றான். நல்லது என்றாள். இரு, டீ வாங்கி வருகிறேன் என்று அவன் படியிறங்கிப் போனான்.

கடையில் கூட்டமாக இருந்தது. அவன் இரண்டு விரலைக் காட்டிச் சொல்லிவிட்டுக் காத்து நிற்பதை அவள் மேலிருந்து பார்த்தாள். இரண்டாம் ஷிப்டுக்குப் போகிற மில் பஸ் கிளம்ப இன்னும் பத்து நிமிஷம்தான் இருந்தது. அரை நாள் லீவுதான் கொடுத்திருந்தார்கள். அவன் டம்ளர்களோடு திரும்புவதற்குள் பர்ஹானா அடுத்த வாசல் வழியாக வெளியேறி, பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தாள்.